லொக்... லொக்... 21 நாள்!

இருமலுக்கு ஒரு விசேஷம் உண்டு. அது நமக்கு வந்தவுடனே, சுத்தி இருக்கிற அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள்!

போன மாசம் எனக்கு வந்தது. முதலில் மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சல். அஞ்சாம் நாள் காய்ச்சல் மரியாதையாகக் கிளம்பிப் போய்விட்டது. கூட வந்த இருமல் மட்டும் பெட்டி படுக்கையை இறக்கி வைத்துவிட்டு, 'கொஞ்ச நாள் தங்கலாம்னு இருக்கேன்' என்றது.

வாசம் திருவல்லிக்கேணி மேன்ஷனில். சுவருக்கும் காலண்டர் அட்டைக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. பக்கத்து ரூம்காரர் வங்கிப் பரீட்சைக்குப் படிப்பவர். "சார், நேத்து ராத்திரி நூத்திப் பன்னிரண்டு. எண்ணிக்கிட்டே தூங்கிட்டேன்" என்றார். கணக்கில் புலி!

ஆபீஸில் கேட்கவே வேண்டாம். அக்கவுன்ட்ஸ்காரர் தூதுவளை ரசம் என்றார். ஸ்டோர்ஸ்காரர் மிளகுக் கஷாயம் என்றார். பக்கத்து ஸீட் நண்பன் மட்டும் ரகசியமாக, "சளி பச்சையா வருதா? அப்போ இன்ஃபெக்‌ஷன்தான். ஆன்டிபயாடிக் போட்டாத்தான் அடங்கும்" என்று, டிராயரிலிருந்து போன வருஷத்து மிச்சம் மூணு மாத்திரையை எடுத்து நீட்டினான். நட்பு என்றால் இதுதான். முழுங்கினேன். இருமல் அசையவில்லை. வயிறுதான் அசைந்தது!

ஒன்பதாம் நாள் நிஜ டாக்டரிடம் போனேன். ஸ்டெத்தை முதுகில் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"நிமோனியா மாதிரி தெரியலை. அக்யூட் பிராங்கைட்டிஸ். மூச்சுக்குழாய்ல அழற்சி."

"ஆன்டிபயாடிக் எழுதித் தாங்க சார்."

"எதுக்கு? இது பெரும்பாலும் வைரஸ் பண்ற வேலை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும்."

"பச்சையா வருதே சார்?"

"அது உங்க வெள்ளணுக்கள் சண்டை போட்ட அடையாளம். கலரைப் பாத்து பாக்டீரியான்னு முடிவு கட்ட முடியாது."

"அப்போ ஏன் சார் நிக்க மாட்டேங்குது?"

"உங்க தெருவுல ரோடு தோண்டியிருக்காங்களா?"

"தோண்டாம இருப்பாங்களா?"

"தோண்டினவன் அன்னிக்கே போயிடுவான். பள்ளம் மூட எத்தனை நாள்? அதேதான். வைரஸ் போயாச்சு. மூச்சுக்குழாயோட உள்தோல் புண்ணாக் கிடக்கு. அது திரும்ப வளர்ற வரைக்கும் தூசு, புகை, குளிர்காத்து எது பட்டாலும் இருமல் வரும்."

2013-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆராய்ச்சியாளர்கள் இதையே கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம். இருமல் எத்தனை நாளில் போகும் என்று ஜனங்களைக் கேட்டால், ஏழு முதல் ஒன்பது நாள் என்றார்கள். நிஜத்தில் சராசரி ஏறக்குறைய 18 நாள்! அந்த இடைவெளியில்தான் நாம் மெடிக்கல் ஷாப் வாசலில் போய் நிற்கிறோம்.

"சிகரெட் உண்டா?"

"ரெண்டு சார்."

"பாக்கெட்டா?"

"ஐயையோ, ரெண்டே ரெண்டு... காலையில." (சாயந்திரக் கணக்கை அவர் கேட்கவில்லை.)

"ரோடு காயற வரைக்கும் அதுமேல லாரி ஓட்டாதீங்க. வெந்நீர் குடிங்க, ராத்திரி ஒரு ஸ்பூன் தேன், நல்ல தூக்கம். ரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ உடனே வாங்க. ரெண்டு வாரம் தாண்டினா சளி டெஸ்ட் எடுத்துடணும். பொறுமை வேற, அலட்சியம் வேற."

பதினாலாம் நாள் ராத்திரி ஊரிலிருந்து அப்பா போன். "சாப்டியாப்பா?" என்றார். பதிலுக்கு லொக் லொக்கென்று ஒரு நிமிஷம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "உங்க சித்தப்பாவும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்து, பாதியிலேயே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா 1986-ல் டி.பி.யில் போனவர். அன்றைக்கும் அதற்கு மருந்து இருந்தது. 'வெறும் இருமல்தானே' என்று ஆறு மாசம் வெளியில் சொல்லாமல் ஓட்டினார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

மறுநாள் ஆபீஸுக்கு அரைநாள் லீவ். அரசு ஆஸ்பத்திரியில் சளி டெஸ்ட் இலவசம். கையில் டப்பாவோடு க்யூவில் நின்றபோதுதான், ஊருக்கே ஜோக் சொல்கிற எனக்கு முழங்கால் நடுங்கும் என்பது தெரிந்தது. ரிசல்ட்: டி.பி. இல்லை. எக்ஸ்-ரேயும் சுத்தம். அந்தச் சந்தோஷத்தில் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பிய காலை, கஷ்டப்பட்டு பஸ் ஸ்டாப்புக்குத் திருப்பினேன்.

அப்புறம் இருமல் எப்போது போனது என்றே தெரியவில்லை. இருபத்தோராம் நாள் காலையில் பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டினார். "என்ன சார், ராத்திரி சத்தமே இல்லை? பயந்துட்டேன்!"

அன்று சாயந்திரம் அப்பா போன். மழை, மாடு, மாமா வீட்டுக் கல்யாணம் என்று அரைமணி நேரம் பேச்சு. வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிற மனுஷர்!

"என்ன விஷயம்ப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. நீ பேசறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."