இலவசக் காவலும் கேளாத சரக்கும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவர், அதற்கு ஆன்டிவைரஸ் அவசியம் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆண்டுதோறும் சந்தா கட்ட மனமில்லாமல், இலவசமாகக் கிடைப்பது எது என்று இணையத்தில் தேட முற்படுவது சர்வசாதாரணமான விஷயம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா போன்றவை நெடுங்காலமாக இலவசப் பதிப்புகளை வழங்கி வருகின்றன. வைரஸைக் கண்டுபிடிப்பதில் அவை சாமர்த்தியமானவை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் இத்தகைய இலவச மென்பொருள் ஒன்றை டவுன்லோட் செய்து நிறுவி முடிப்பதற்குள், பிரவுசரின் தலையில் ஒரு டூல்பார் ஏறி உட்கார்ந்துகொள்வதும், வழக்கமான தேடல் பக்கம் எங்கோ மறைந்து வேறொன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வதும், கணினியின் வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்த மற்றொரு கருவி, இல்லாத பிழைகளையெல்லாம் எண்ணிக் காட்டிப் பணம் கேட்பதும் எத்தனையோ பேருடைய அனுபவம். இவ்வாறு அகப்பட்டவரைப் பார்த்து, 'படித்துப் பார்த்து அழுத்தியிருக்கக் கூடாதா?' என்று கேட்பது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்வி அநியாயமானது என்பதே என் கட்சி.

இதன் சூட்சுமம் மிக எளியது. இலவச மென்பொருளோடு இன்னொரு நிறுவனத்தின் சரக்கைச் சேர்த்து அனுப்பினால், அது நிறுவப்படும் ஒவ்வொரு கணினிக்கும் இவ்வளவு என்று கமிஷன் கிடைக்கும். ஆகவே நிறுவும் திரையில், 'பரிந்துரைக்கப்படுவது' என்ற பொத்தான் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்க, 'நானே தேர்ந்தெடுக்கிறேன்' என்ற வழி சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். கூடுதல் சரக்கை ஏற்பதற்கான கட்டத்தில் டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். உப்பு வாங்கப் போனவரின் பைக்குள் சோப்பையும் சீப்பையும் போட்டுவிட்டு, 'நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையே' என்று ஒரு மளிகைக்காரர் வாதாடினால் தெருவே கூடி நியாயம் கேட்கும். கணினித் திரையில் அதே வாதத்துக்குச் 'சம்மதம்' என்று பெயர்.

இதைச் செய்தவர்கள் ஊர்பேர் தெரியாத மோசக்காரர்கள் மட்டும் அல்லர். ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா, பல ஆண்டுகள் ஆஸ்க் டூல்பாரைச் சுமந்து வந்தது. அடோபியின் ஃப்ளாஷ் பிளேயரை டவுன்லோட் செய்தவருக்கு மெக்கஃபியின் சோதனைக் கருவி இனாமாக வந்தது. அதாவது, பாதுகாப்பு மென்பொருளே கேளாத சரக்காகப் பயணம் செய்தது. 2011 டிசம்பரில், நெட்வொர்க்கைச் சோதிக்கும் பிரசித்தமான என்மேப் மென்பொருளை இயற்றிய கார்டன் லயன், சிநெட் நிறுவனத்தின் டவுன்லோட்.காம் தம் மென்பொருளைத் தன் சொந்த உறையில் சுற்றி, டூல்பாரோடு சேர்த்து விநியோகிப்பதாகப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. திறந்த மூல மென்பொருள்களின் இருப்பிடம் என்று மதிக்கப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் 2013-இல் இதே வியாபாரத்தில் இறங்கி, நற்பெயரை இழந்து, 2016-இல் உரிமையாளர் மாறிய பின்னரே அதைக் கைவிட்டது. 2020-இல் நடந்தது இன்னும் வேடிக்கை: சிகிளீனர் என்ற துப்புரவுக் கருவியின் இலவசப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் வேண்டத்தகாத மென்பொருள்களின் பட்டியலில் சேர்த்தது, அதனுடன் ஒட்டி வந்த சரக்குகளில் அவாஸ்ட், ஏவிஜி என்னும் இரண்டு ஆன்டிவைரஸ்களும் இருந்தன.

இதனால்தான், 'தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள்' என்ற புத்திமதி அவசியமானது என்றாலும் பூரணமானது அன்று. பிராகாவில் தோன்றிய அவாஸ்ட் நிறுவனம், உங்கள் இணைய நடமாட்டத்தை வேவு பார்ப்போரைத் தடுப்போம் என்று விளம்பரம் செய்துகொண்டே, தன் பயனாளர்கள் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் மூலம் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்று வந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்திய சில நாட்களுக்குள் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் அவாஸ்டுக்கு 1 கோடியே 65 லட்சம் டாலர் அபராதம் விதித்து, அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. உண்மையான தளத்திலிருந்து, உண்மையான கோப்பை, உண்மையான கையொப்பத்தோடு இறக்கியவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. வெறுத்துப்போய் ஏவிஜிக்கோ அவிராவுக்கோ மாறலாம் என்றால், அவ்விரண்டும் அவாஸ்டும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே குடையின் கீழ்தான் இருக்கின்றன.

சாதாரண உபயோகத்துக்கு என் யோசனை, வேறெதையும் தேடாமல் இருப்பதே. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற முழுமையான ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. அது தனிப் பணமும் கேட்பதில்லை, டூல்பாரும் கொண்டுவருவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பகுதியைத் திறந்து, வேண்டத்தகாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலோருக்குப் போதும். வேறொன்றுதான் வேண்டும் என்பவர்கள், தேடல் முடிவுகளின் உச்சியில் நிற்கும் விளம்பரங்களை நம்பாமல் நிறுவனத்தின் முகவரிக்கு நேரே போய், 'கஸ்டம்' என்ற வழியில் நிறுவி, ஒவ்வொரு திரையிலும் உள்ள டிக்குகளை நிதானமாக எடுத்துவிட வேண்டும். பணம் கட்டும் பதிப்பின் 'கிராக்' என்று கிடைப்பதைத் தொடவே வேண்டாம்; காவல் தேடிப் போய்த் திருடனையே வீட்டுக்கு அழைத்துவரும் காரியம் அது. ஏற்கெனவே ஏதேனும் தொற்றிவிட்டதென்றால், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரம் 2017 முதல் இலவசக் கருவிகளை வழங்கி வருகிறது.

ஆயினும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு திரையையும் படிக்கும் பொறுப்பைப் பாமரரின் தலையில் மட்டும் ஏற்றுவது நீதியாகாது. முன்கூட்டியே டிக் செய்த கட்டம் சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம், குக்கிகள் பற்றிய ஒரு வழக்கில் 2019-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், இணைய வியாபாரத்தின் 13 வகை வஞ்சக உத்திகளை வரையறுத்துத் தடை செய்தது. போலி வைரஸ் எச்சரிக்கை காட்டிப் பணம் பறிப்பதும் அவற்றில் ஒன்று என்பது திருப்தியளிக்கிறது. ஆனால் கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பது பற்றிய விதி, செலுத்த வேண்டிய தொகை அதிகரித்தால்தான் குற்றம் என்று கருதுகிறது. இலவச மென்பொருளோடு இலவசமாகவே இன்னொன்று ஏறிக்கொள்ளும்போது தொகை எங்கே அதிகரிக்கிறது? அந்த ஓட்டை வழியாக இந்த வியாபாரம் முழுவதும் தாராளமாக நுழைந்துவிடலாம். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பயனாளர் தம் கையால் டிக் போடாத எந்த மென்பொருளும் அவருடைய கணினியில் ஏறக் கூடாது என்று அந்த விதியை ஆணையம் திருத்த வேண்டும்.