கேமரா யார் கையில்?

2015 ஜூன் 23 அன்று தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போன ஓமலூர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். பொறியியல் படித்த தலித் இளைஞர். வயது 21.

இந்த வழக்கில் இரண்டு வீடியோக்கள் உண்டு. ஒன்று, கடத்தியவர்கள் செல்போனில் எடுத்தது. காதல் தோல்வியால் சாகப்போவதாக அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். படத்தில் இருப்பது அவர் முகம்; பேச்சு அவர்களுடையது. மற்றொன்று, கோயில் சிசிடிவி பதிவு. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். பதிவில் இருப்பது தான் அல்ல என்று உடன் சென்ற தோழியே சொன்னார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே வந்து பார்த்தார்கள். 2023 ஜூனில் அந்தத் தண்டனையை உறுதி செய்தார்கள்.

நீதி கிடைத்தது, சரி. ஆனால் கோகுல்ராஜ் என்ற மனிதரை நாம் பார்த்தோமா? தலைமறைவாக இருந்த யுவராஜின் குரல் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. கொல்லப்பட்டவரோ வழக்கின் பெயராக மட்டும் மிஞ்சினார்.

இதே சிக்கலை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் ஜாஃபா கையில் எடுத்தார். 2016இல் அவர் தொகுத்தது ஏழு நிமிட வீடியோ. முந்தைய ஆண்டு வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் சுட்டதை ஒரு வழிப்போக்கர் செல்போனில் எடுத்திருந்தார். அந்தக் காட்சியும் அதில் வருகிறது. ஆனால் அதோடு ஆட்டம், பாட்டு, விளையாட்டு, ஊர்வலம் எல்லாம் வருகின்றன. சாவை மட்டும் காட்டினால் அந்த மக்கள் பிணங்களாகத்தான் தெரிவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமானவை ஆவணப்படங்கள். 2003இல் ஆர்.பி.அமுதன் எடுத்த ‘பீ’, மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் கூடவே நடக்கிறது. தினமும் அந்தத் தெருவைக் கடப்பவர்கள் பார்க்காத பெண் அவர். 2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ படத்தைத் திரையிடப் பல இடங்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. யூடியூபில் வெளியிட்டார், ஊரே பார்த்தது.

சேலம், நாமக்கல் மாணவர்கள் எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. கோழிப்பண்ணையில் எரு அள்ளுபவர், ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர், சாக்கடையில் இறங்குபவர் என நம் சமவெளியில் படமெடுக்க வேண்டியவர்கள் நிறைய. எடுக்கும்முன் அவரிடம் கேளுங்கள். முகம் காட்டலாமா, எது வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். எடுத்ததை முதலில் அவர் தெருவிலேயே போட்டுக் காட்டுங்கள்.