ஊதிட்டியே, கறுத்துட்டியே!

கல்யாண மண்டபத்தில் நுழையும் பதினைந்து வயதுப் பெண்ணின் காதில் விழும் முதல் விசாரிப்பு, பெரும்பாலும் அவள் உடம்பைப் பற்றியதுதான். ‘ஊதிட்டியே’, ‘கறுத்துட்டியே’. பையன் என்றால் ‘சாப்பாடே போடறதில்லையா?’. இப்படி வளர்ந்த பிள்ளை கண்ணாடி முன் கூனிக்குறுகினால், தன்னம்பிக்கை இல்லை என்று அதன் மேலேயே பழியைப் போடுகிறோம். தன் உடலைப் பற்றிய தாழ்வெண்ணத்தோடு யாரும் பிறப்பதில்லை. அது பார்த்தும் கேட்டும் படிவது. பிஜித் தீவுகளில் பூசினாற்போன்ற உடம்புதான் அழகு என்றிருந்தது. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மானிடவியலாளரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர் அப்போது பள்ளி மாணவிகளிடம் விசாரித்தபோது, எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். கேட்கப்பட்டவர்கள் வேறு வேறு மாணவிகள் என்பதால் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றே ஆண்டில் ஒரு தலைமுறையின் மனக்குணம் தானாக மாறியிருக்க வழியில்லை. நம் ஊரில் அந்த வேலையைச் சிவப்பழகு க்ரீம்கள் 1975 முதலே செய்கின்றன. 2020இல் அப்படியொரு க்ரீமின் பெயரில் ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. வியாபாரம் என்னவோ நிற்கவில்லை.

‘குண்டாக இருப்பதைச் சொன்னால்தானே பிள்ளை திருந்தும், இது சர்க்கரை நோய் மலிந்த நாடாயிற்றே’ என்பார்கள். கவலை நியாயமானது, வழிதான் தவறு. நம்மவர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23ஐ எட்டினாலே கூடுதல் எடை என்கிறார்கள் மருத்துவர்கள். பார்வைக்கு ஒல்லியாக இருப்பவருக்கும் இங்கே சர்க்கரை வருகிறது. அதைக் கண்டுபிடிப்பது ரத்தப் பரிசோதனை, பெரியம்மாவின் கண் அல்ல. கேலிக்கு ஆளான பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கு வரவே கூசும். ஒளிந்து தின்னும், அல்லது பட்டினி கிடக்கும். எடை குறைய வேண்டிய பிள்ளைக்குத்தான் இதனால் நஷ்டம் அதிகம். பள்ளியில் எடை பார்க்கும் நாளில் எண்ணை வகுப்பே கேட்க உரக்கப் படிக்காமல், குறித்துப் பெற்றோரிடம் மட்டும் கொடுக்க எந்த அரசாணையும் வேண்டாம். ஆசிரியர்கள் அதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.