டிஸ்னி பக்தர்கள் யூனிவர்சலுக்குப் போகும்போது

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ நகரை ஒட்டி 1971 அக்டோபர் முதல் தேதி திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு வருஷந்தோறும் தவறாமல் போய்வருகிற குடும்பங்கள் ஏராளம். எந்தச் சவாரிக்கு எந்த நேரத்தில் கூட்டம் குறையும் என்பது முதல், எந்த மூலையில் நிழல் கிடைக்கும் என்பது வரையில் யாவும் அவர்களுக்கு மனப்பாடம். இத்தனை தேர்ச்சி பெற்றவர்களே, அங்கிருந்து சுமார் பத்து மைல் தொலைவிலுள்ள யூனிவர்சல் பூங்காக்களுக்கு முதல் தடவையாகப் போகும்போது, ஒன்றுமறியாத புதியவனைக் காட்டிலும் அதிகமாகத் தடுமாறி, சலிப்போடு திரும்பிவிடுகிறார்கள். இதற்குக் காரணம் புதிய இடத்தின் குறை அன்று, பழைய இடத்தில் படிந்த பழக்கமே என்பது என் அபிப்பிராயம்.

முதலில் விட்டொழிக்க வேண்டியது பட்சபாதம். இவ்விரு ஸ்தாபனங்களின் சம்பந்தம் ஏறக்குறைய நூறு வருஷத்துப் பழமை உடையது. 1927-ல் யூனிவர்சல் வெளியிட்ட படங்களுக்காக வால்ட் டிஸ்னி படைத்த ஆஸ்வால்டு என்னும் முயலின் உரிமை, தமக்கு இல்லை என்பதை மறு வருஷம் அறிந்து மனம் நொந்த அவர், அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய உருவாக்கியதே மிக்கி மௌஸ். காலச்சக்கரம் சுழன்று, 2009-ல் மார்வெல் நிறுவனத்தையே டிஸ்னி விலைக்கு வாங்கிய பின்னரும், 1994-ல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் பலத்தால், ஸ்பைடர்மேனும் ஹல்க்கும் இன்றுவரை யூனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் பூங்காவிலேதான் குடியிருக்கிறார்கள். முதலாளிகளே இவ்வளவு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கையில், டிக்கெட் வாங்குகிற நாம் ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு விசுவாசம் காட்டுவானேன்?

அடுத்தது பூகோளம். டிஸ்னியின் நான்கு பூங்காக்கள் சுமார் நாற்பது சதுர மைல் நிலப்பரப்பில் சிதறிக் கிடப்பதால், பஸ், படகு, மோனோரெயில் என்று மாறி மாறி ஏறி இறங்குவதற்கே ஒரு பொழுதை ஒதுக்கிப் பழகியவர்கள், யூனிவர்சலிலும் அதே கணக்கைப் போட்டு, காலையில் புகுந்தால் இரவில்தான் வெளிவருவது என்று சங்கல்பம் செய்துகொண்டு கால் நோக அலைகிறார்கள். இங்கேயோ, 1990-ல் திறந்த ஸ்டூடியோஸ் பூங்காவும் 1999-ல் திறந்த ஐலண்ட்ஸ் பூங்காவும் அடுத்தடுத்து இருக்கின்றன. அடுக்குமாடியில் காரை நிறுத்தி, நகரும் நடைபாதையில் வந்து, சிட்டிவாக் என்னும் கடைவீதியைக் கடந்தால் ஏரிக்கரை. அங்கிருந்து இரண்டு வாசலுக்கும் நடையே போதும். பக்கத்து ஓட்டல்களில் தங்கியிருப்பவர்கள் நடுப்பகல் வெயிலில் அறைக்குப் போய்ப் படுத்து எழுந்து, மாலையில் மறுபடியும் வருவது வெகு சௌகரியம். 2025 மே மாதம் திறக்கப்பட்ட எபிக் யூனிவர்ஸ் என்னும் யூனிவர்சல் பூங்கா மட்டும் சில மைல் தள்ளி இருப்பதால், அதற்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்குவதே உசிதம்.

முன்பதிவு விஷயத்தில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டு மேஜைக்கு அறுபது நாள் முன்னதாகவும், சவாரிக்கு நேரம் குறிக்கச் சில நாள் முன்னதாகவும் டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து பழகிய டிஸ்னி அடியார்களுக்கு, யூனிவர்சலில் அந்த ஜாக்கிரதைக்கு அநேகமாக வேலை இல்லை. இங்குள்ள எக்ஸ்பிரஸ் பாஸ், மணி குறித்துத் தருவதன்று. காசு கொடுத்து வாங்கியவர் நினைத்தபோது குறுக்கு வரிசையில் நுழையலாம். விலை கூடிய மூன்று ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்கு, பழைய இரு பூங்காக்களிலும் இந்தச் சலுகை இனாம். வந்து சேரும் நாளுக்கும் புறப்படும் நாளுக்கும் அது உண்டாகையால், ஓர் இரவு வாடகையில் இரண்டு நாள் பாஸ் அடங்கிவிடுகிறது. நாலு பேர் உள்ள குடும்பம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் புறப்படக் கூடாது. பணமுள்ளவன் முந்திக்கொள்ள, இல்லாதவன் வெயிலில் நிற்பது இரண்டு இடத்திலும் உள்ள அநியாயமே. அதை இங்கே சுற்றிவளைக்காமல் விலைப்பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள், தனியாள் வரிசை உள்ள இடங்களில் குடும்பத்தைப் பிரித்து அனுப்பினால் கணிசமான நேரம் மிச்சமாகும்.

சவாரிகளின் சுபாவமும் வேறு. டிஸ்னியில் கைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்து பழகியவர்கள், இங்கே வேகமான ரோலர் கோஸ்டர்களின் வாசலில் பையை லாக்கரில் வைத்து, சட்டைப்பையில் உள்ள சாவியையும் டெலிபோனையும்கூட அப்புறப்படுத்தி, உலோகம் காட்டும் கருவியினூடே போக வேண்டியிருப்பதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். டிஸ்னியின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குல உயரம் இருந்தால் போதும். ஹல்க் சவாரிக்கோ 54 அங்குலம் வேண்டும். ஆகையால் குழந்தைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போவது, வரிசையின் முடிவில் அழுகையைத் தவிர்க்கும். கனத்த சரீரம் உள்ளவர்களுக்காகச் சில சவாரிகளின் முகப்பில் மாதிரி ஆசனம் வைத்திருக்கிறார்கள். அதில் அமர்ந்து பார்க்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு போகிறவர்களுக்கு டிஸ்னியே மேல் என்பதை மறைப்பதற்கில்லை.

இவ்வளவுக்கும் மேலாக, அவசரத்தை விட வேண்டும். 2014-ல் திறந்த டயகன் ஆலி என்னும் ஹாரி பாட்டர் வீதிக்குப் பெரிய விளம்பரப் பலகையோடு கூடிய வாசல் இல்லை. வெளியே தெரிவதெல்லாம் லண்டன் நகரத்து வீட்டு முகப்புகளும், மூன்றடுக்கு ஊதா பஸ்ஸும்தான். ஒரு ஜன்னலை உற்றுப் பார்த்து நின்றால், திரைச்சீலையை விலக்கி ஒரு கிழட்டு முகம் எட்டிப் பார்த்து மறையும். செங்கல் சுவரின் இடுக்கு வழியே திரும்புகிறவனுக்குத்தான் உள்ளே வீதி விரிகிறது. அங்கிருந்து ஐலண்ட்ஸ் பூங்காவுக்குப் போகும் ரயிலில் ஏற இரு பூங்காவுக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும். போகும்போதும் வரும்போதும் ஜன்னலில் காணும் காட்சிகள் வேறு வேறாகையால் இருமுறையும் ஏறுவதே முறை. விருந்துக்குப் போன வீட்டுப் பந்தியில் அமர்ந்து நம் வீட்டு ரசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவனைப் போல, டிஸ்னியில் இது எப்படி, அது எப்படி என்று ஒப்பிட்டுக்கொண்டே நடப்பவன் இவற்றில் பாதியைத் தவறவிடுவான்.

ஒப்பிடவே கூடாது என்பதில்லை. ஊர் திரும்பிய பின் ஒப்பிடலாம், அவசியம் ஒப்பிடவும் வேண்டும். 2010-ல் ஹாரி பாட்டரின் கிராமத்தை யூனிவர்சல் திறந்து, ஜனங்கள் அலையலையாக அங்கே திரண்டதற்குப் பிறகுதான், 2017-ல் அவதார் உலகத்தையும் 2019-ல் ஸ்டார் வார்ஸ் நகரத்தையும் டிஸ்னி அத்தனை பொருட்செலவில் எழுப்பியது என்பதைக் கவனிக்கும்போது, எதிர்முகாமுக்குப் போனவர்களால் டிஸ்னியின் பக்தர்களுக்கே லாபம் கிட்டியது என்று நான் நினைக்கிறேன். வாடிக்கைக்காரன் எங்கும் போகமாட்டான் என்று நிச்சயமாகத் தெரிந்த வியாபாரி, சரக்கை உயர்த்துவதில்லை, விலையைத்தான் உயர்த்துவான்.