நிலம் சூழ்ந்த தீவுகள்

நாற்புறமும் நீரால் சூழப்பெற்ற நிலமே தீவு என்று பள்ளியிற் பயின்றோம். பசிபிக் மாகடலில் நௌரு என்றொரு தீவு நாடு உண்டு. அதன் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். ஆறு ஒன்றும் கிடையாது. நடுநிலத்தின் பாஸ்பேட்டை வெட்டி விற்றுத் தீர்த்தபின், மக்கள் பெரும்பாலும் கரையோரத்திலேயே குடியிருக்கின்றனர். போட்டித் தேர்வுக்காக நம் மாணவர் இத்தகைய செய்திகளைத் தடையின்றி ஒப்புவிப்பர். பாகூர் ஏரிக்கு எங்கிருந்து நீர் வருகிறது என்று வினவினாலோ, வகுப்பில் அமைதி நிலவுகிறது.

நாம் வாழ்வதும் தீவுகளிலேதான். சூழ்ந்திருப்பது கடலன்று, தமிழ்நாட்டு நிலம்! காரைக்காலும் மாகியும் ஏனாமும் தொலைவில் இருப்பதைப் பலரும் அறிவர். புதுச்சேரி மாவட்டமே துண்டு துண்டாகக் கிடப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பொருதிப் பங்கிட்டதன் எச்சம் அது. 1880இல் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்களாயின. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்த 178 பேராளருள் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தனர். ஆட்சி மாறியது, எல்லைக்கோடு மாறவில்லை.

தண்ணீர் அக்கோட்டை மதிப்பதில்லை. தமிழ்நாட்டில் சொர்ணாவூர் அணையில் தென்பெண்ணையினின்று பிரியும் பங்காரு வாய்க்காலே பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஊசுட்டேரியோ இரு மாநிலத்திலும் பரந்து கிடக்கிறது. இவ்வேரிகளை மறந்து ஆழ்துளைக் கிணறுகளையே நம்பினால், கடலோர நிலத்தடி நீரில் உப்பேறும். பின்னர் நௌருவைப் பார்த்து இரங்க நமக்கு என்ன தகுதி?

புவியியல் தமிழ்த் துறையின் வேலையா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றவர் தொல்காப்பியர் அல்லரோ? நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் அவ்வூர்க் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைக் கூறுகிறது. கல்விக்கு ஊர் ஈந்த மண்ணில், கல்வி ஊரை அறியாதிருப்பது நமக்கு உவப்பாயில்லை.

மதகு, கலிங்கு, மடை, வரத்து வாய்க்கால் ஆகிய சொற்கள் அகராதியில் மட்டும் எஞ்சிவிடலாகாது. கட்டுரைப் போட்டிக்கு ஆண்டுதோறும் தேய்ந்த தலைப்புகளையே தருவதைவிட, ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் நீர்வழியை வரைந்து, இடப்பெயர்களைக் குறித்து வரச் செய்யலாம். பங்காரு வாய்க்காலிலேயே தொடங்குவோம். மதகு திறக்கும் முறையறிந்த முதியோர் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர்.