வியூவுக்கு எல்லாத்தையும் தூக்கிக் குடுக்காதீங்கோ

"வேலை செய்யுதுதானே, பிறகென்ன?" கோட் எழுதிற நண்பர்களிட்ட அடிக்கடி கேக்கிற வசனம் இது. லாரவெல் பழகின கையோட, பிளேட் கோப்புக்குள்ளேயே டேட்டாபேஸைக் கூப்பிடுற பழக்கமும் வந்திடுது. மெனுவுக்கு வகைப் பட்டியல் வேணுமோ, லேஅவுட்டின் தலையில ஒரு குவெரி. பக்கம் தெரியுது, எல்லாரும் சந்தோசம். இதை நாங்கள் எதிர்க்கிறோம்.

தரவு வேறு, அதைக் காட்டுவது வேறு என்ற பிரிப்பு 1970களின் கடைசியில் திரிக்வே ரீன்ஸ்காக் முன்வைத்த எம்.வி.சி.யோட வந்தது. அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு, எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

சிக்கல் லேஅவுட்டிலதான். கொன்ட்ரோலர் ஒரு பக்கத்துக்கானது. லேஅவுட் எல்லாப் பக்கத்துக்கும் பொது. மெனுத் தரவை ஆர் குடுக்கிறது? ஒவ்வொரு கொன்ட்ரோலரிலயும் ஒரே வரியை ஒட்டினால், ஏதோ ஒன்றில் மறந்துபோகும்; அந்தப் பக்கம் பிழையோட விழும். வியூ ஷெயரில போடலாம் எண்டுவினம். தளத்தின் பெயருக்கு அது சரி. உள்நுழைந்தவரின் அறிவித்தல் எண்ணிக்கைக்குச் சரிவராது: சேர்விஸ் புரொவைடர் பூட் ஆகிற நேரம் செஷனே தொடங்கியிருக்காது, பயனர் ஆரெண்டு தெரியாது. வியூ கொம்போசருக்கு நட்சத்திரக் குறி போட்டால், உள்ளே சேருகிற ஒவ்வொரு துண்டுக்கும் அது ஓடும். பத்துத் துண்டெண்டால் அதே குவெரி பத்துக்கு மேல்.

வழி எளிது. கொம்போசரை அந்த மெனுத் துண்டின் பெயருக்கு மட்டும் கட்டுங்கோ. பக்கத்துக்கு வேண்டியதைக் கொன்ட்ரோலர் பெயர் சொல்லிக் குடுக்கட்டும்.

"சின்ன புரொஜெக்ட்டுக்கு இவ்வளவு தேவையோ?" தேவைதான். வாடிக்கையாளரின் முழுப் பதிவையும் வியூவுக்கு அனுப்புகிறோம். நாளைக்கு இன்னொருவர் அதை அப்படியே ஜேசனாக்கி ஜாவாஸ்கிரிப்டுக்குக் குடுப்பார். மொடலில மறைக்கச் சொல்லாத ஒவ்வொரு நிரலும், தொலைபேசி எண்ணும் அடையாள அட்டை இலக்கமும் சேர்த்து, பக்கத்தின் மூலத்தில் கிடக்கும். திரையில ஒண்டும் தெரியாது. வலது கிளிக் செய்கிறவருக்கு எல்லாம் தெரியும். சின்னக் கடையின் தளத்திலயும் இருப்பது ஆக்களின்ர விபரம்தான்.

வியூவுக்குப் பெயரும் விலையும் போதுமெண்டால் பெயரையும் விலையையும் மட்டும் குடுங்கோ. சக தோழரின்ர கோடைப் பார்க்கேக்க, "ஓடுதா?" எண்டு கேட்கமுதல் "இது ஏன் இங்க வந்தது?" எண்டு கேளுங்கோ.