நடப்பார் இல்லாத கரை

சென்னையில் நடப்பதற்கு இடமேது என்ற புலம்பல் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளைகளில் தவறாமல் காதில் விழுகிறது. புலம்புகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. வேர்ட்ஸ்வொர்த் ஏரிக்கரைகளில் நடந்ததையும் தோரோ காட்டுவழிகளில் திரிந்ததையும் சுவைபட எடுத்துரைப்பவர்கள். நெய்தல் திணையின் முதல், கரு, உரிப்பொருள்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள். தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ பேருந்து ஏறினால் சென்று சேர்ந்துவிடக்கூடிய தொலைவில், கோவளத்தின் முதுகுப்புறத்தில், பக்கிங்காம் கால்வாயின் கரை கிடக்கிறது. ஆகவே இடமில்லை என்பது உண்மையன்று. இருக்கும் இடத்தை நடக்காமலேயே இழந்துகொண்டிருக்கிறோம் என்பதே நம் வாதம்.

கோவளம் என்றதும் எல்லாருக்கும் கடற்கரை நினைவுக்கு வரும். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. வரலாறு தெரிந்தவர்கள் 1752-இல் கிளைவ் கைப்பற்றித் தகர்த்த கோட்டையைச் சொல்வார்கள். இரண்டுமே கிழக்கே இருப்பவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, கேளம்பாக்கம் செல்லும் சாலையில் மேற்கே நடந்து பாருங்கள். உப்பளங்களும் கழியும் இருபுறமும் விரியும். கால்வாய்ப் பாலம் வரும். அங்கிருந்து தெற்கே கால்வாய் ஏறத்தாழ நேர்கோட்டில் மாமல்லபுரத்தை நோக்கிச் செல்கிறது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. முழங்கால் வலிக்காரரும் மெதுவாக நடக்கக்கூடிய சமதளம். கிழக்கே திருவிடந்தைப் பெருமாள், மேற்கே திருப்போரூர் முருகன். நடுவே உமிரியும் தாழையும் பனையும். மார்கழி முதல் மாசி வரை பூநாரையும் கூழைக்கடாவும் நெடுங்கால் உள்ளானும் காணக் கிடைக்கும். நிழல் அரிது, ஆகவே விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் களிமண் வழுக்கும். இவை தவிர வேறு இடர் சொல்வதற்கில்லை.

இந்தக் கரை தற்செயலாக உண்டான மண்மேடு அன்று. 1806-இல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய நீர்வழி, பின்னர் வடக்கே ஆந்திரம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877–78 பஞ்சத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் காற்று கைவிட்டபோதெல்லாம் மனிதர்களே நகர்த்தினர். கழியால் உந்தினர், கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தபடி நடந்தனர். எனவே அந்தக் கரை நடப்பதற்கென்றே அமைந்தது. கால்வாயின் இயந்திரம் மனிதக் கால்களே என்றாலும் மிகையாகாது.

தமிழ் இலக்கியத்தில் இதற்குச் சாட்சி உண்டு. 1930களில் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றார். அப்பயணமே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாயிற்று. தலைப்பிலுள்ள ‘செலவு’ என்ற சொல்லை மாணவர்களிடம் விளக்கும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழும். எவ்வளவு செலவு ஆயிற்று என்று ஒரு குரல் கேட்கும். செல்லுதல் என்ற பொருளில் வழங்கிய சொல் இன்று பணம் கரைவதற்கு மட்டுமே பயன்படுகிறது. நீர்நிலைகளைப் பற்றிய நம் பொதுப் பேச்சும் அப்படித்தான் சுருங்கிவிட்டது. எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்று கேட்கிறோம். யார் அங்கே சென்றார்கள் என்று கேட்பதில்லை.

இன்னொரு சொல்லும் நம்மைக் குற்றம் சாட்டுகிறது. ‘ஆறு’ என்றால் நதி. ‘ஆறு’ என்றால் வழி. பாணனுக்கு வழிகாட்டும் இலக்கியத்துக்கு ஆற்றுப்படை என்றே பெயர். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, பாணனை எயிற்பட்டினத்தின் வழியாக அனுப்புகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் கால்வாய் முடியும் இடமும் அதுவே. நதிக்கும் வழிக்கும் ஒரே சொல் வைத்த மொழியைப் பேசுகிறவர்கள் நீரோரத்தில் வழியே இல்லாமல் வாழ ஒப்புக்கொண்டோம்.

இதைச் சொன்னால் உடனே மறுப்புகள் எழும். முதல் மறுப்பு: “அது சாக்கடை ஐயா, மூக்கைப் பிடித்துக்கொண்டா நடப்பது?” மயிலாப்பூரில் நின்று பார்த்தவர்களின் கூற்று இது. அங்கே கால்வாய் சாக்கடையாக்கப்பட்டது. 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே ஊன்றினார்கள். கேட்பாரில்லாத நீருக்கு நேரும் கதி அது. கோவளத்தில் கடல் ஓதம் முகத்துவாரம் வழியே உள்ளே வந்து போகிறது. ஆனால் வடக்கே நாம் செய்யும் பிழைகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடலைத் தேடுகிறது. அவ்வழி குறுகினால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் தென்சென்னை இடுப்பளவு நீரில் நின்று கற்றது. கரையில் நடக்கும் வழக்கமிருந்தால் குறுகுவதைக் கண்ணால் கண்டிருப்போம்.

இரண்டாம் மறுப்பு நயமானது: “முதலில் அழகுபடுத்தட்டும், பிறகு நடக்கலாம்.” அழகுபடுத்துதல் எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததே. மண்கரைக்குக் கற்பலகை, அதன்மேல் கம்பிவேலி, வாயிலில் நுழைவுக் கட்டணம், மாலை ஆறு மணிக்குப் பூட்டு. பொதுக் கரை கேளிக்கைப் பூங்காவாகிவிடும். சென்ற ஆண்டு மாணவர் சிலரோடு கரையில் நடந்தபோது, ஒரு தனியார் வளாகத்தின் காவலர் எங்களை நிறுத்தி இது தனியார் வழி என்றார். எந்த ஆவணத்தின்படி என்று கேட்டதற்கு விடையில்லை. திரும்பிப் போகச் சொன்னார். கால்வாயின் இரு கரைகளும் அரசுப் புறம்போக்கு என்பது பொதுவான நிலை. ஒருவர்க்கும் சொந்தமில்லாததால் எல்லார்க்கும் உரியது என்பதற்கான அந்தச் சொல்லை வசைச்சொல்லாக்கிய சமூகம், நிலத்தையும் அப்படியே நடத்துகிறது.

ஏறத்தாழ நம் கால்வாயின் வயதுடைய ஒன்றைச் சொல்வோம். இங்கிலாந்தின் பாத் நகரத்தை ஒட்டிச் செல்லும் கென்னட்–ஏவன் கால்வாய் 1810-இல் முழுமை பெற்றது. அதுவும் ரயில் வந்தபின் நலிந்து, தூர்ந்து, கைவிடப்பட்டது. ஆர்வலர்கள் பல பதிற்றாண்டுகள் போராடியும் உழைத்தும் மீட்க, 1990-இல் மீண்டும் திறக்கப்பட்டது. குதிரைகள் படகிழுத்த அதன் கரையில் இன்று முதியவர்களும் குழந்தைகளும் நடக்கிறார்கள். அவர்களது பணம் நம்மிடம் இல்லை என்பது சரி. ஆனால் கரையைத் திறந்து வைத்திருக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. அது நம்முடையது என்ற எண்ணம் வேண்டும்.

மூன்றாம் மறுப்பு: “ஆளரவமற்ற இடம், பெண்கள் எப்படிப் போவது?” கவலை நியாயமானது. எனினும் ஆளரவமற்ற இடம் என்பது யாருடைய கண்ணுக்கு? உப்பளத் தொழிலாளர்கள் கருக்கலிலேயே அங்கிருக்கிறார்கள். இருளர் பெண்கள் பனையோலைப் பறியோடு கழியில் இறங்கி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். அவர்களை ஆளாகக் கணக்கிடாத பார்வையை முதலில் திருத்திக்கொள்வோம். நால்வர் ஐவராகச் செல்வோம். நடப்பவர் பெருகினால் அச்சம் குறையும்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரம்? 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் கோவளம் அருகே 1.6 டி.எம்.சி. கொள்ளளவுள்ள புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. நகரத்தின் தாகம் மெய். அத்திட்டத்தின் நன்மை தீமைகளை விரிவாகப் பேசத்தான் வேண்டும். ஆனால் உவர்நீரும் நன்னீரும் கலக்கும் அந்நிலத்தில் என்ன வாழ்கிறது, யார் பிழைக்கிறார்கள் என்று ஒருமுறையேனும் நடந்து பார்க்காதவர் அதைப் பற்றி எதை வைத்துப் பேசுவார்? வரைபடத்தில் அது வெற்று நிலமாகத்தான் தெரியும்.

அக இலக்கணத்தில் செலவழுங்குதல் என்றொரு துறை உண்டு. புறப்பட வேண்டிய தலைவன் புறப்படாமல் நிற்பான். அதைச் செல்லாமை என்று கொள்ளக்கூடாது, தலைவியை ஆற்றுவித்துச் செல்லவே நிற்கிறான் என்பது தொல்காப்பியர் கருத்து. நம் செலவழுங்கலுக்கு அப்படியொரு சமாதானமும் இல்லை. ஆகவே கேட்கிறோம்: கால்வாய்க் கரையை எல்லைக்கல் நட்டு, பொது நடைவழியென்று அரசு அறிவிக்கட்டும், வேலியும் கட்டணமும் வேண்டாம். தமிழ்த் துறைகள் நெய்தலைப் பாடம் நடத்தும் பருவத்தில் ஒரு காலைப்பொழுதேனும் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லட்டும். மாமல்லபுரத்தின் மேற்கு ஓரத்தில், கால்வாய்ப் பக்கமாக, பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் கூட்டமின்றி நிற்கின்றன. சாலைவழி வருவோரில் பலர் அவற்றைக் காணாமலே திரும்புகிறார்கள். கரைவழி வருவோருக்கு மாமல்லபுரம் அங்கிருந்துதான் தொடங்கும்.